முதல் போட்டிக்கு முன்னர்: சியர்லீடிங் அணி ஆயத்தமாக உள்ளதா?

சியர்லீடிங் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்கோட்டருகே ஆடப்படும் நடனமே. அமெரிக்காவில் போட்டியாக நடைபெறும் சியர்லீடிங் அதனினும் முற்றிலும் வேறானது. கரணங்கள், தாவல்கள், மனிதக் கோபுரம், ஒருவரை மேலே வீசிப் பிடித்தல் ஆகிய அனைத்தையும் இரண்டரை நிமிடங்களுக்குள் ஓர் அணி இசைக்கேற்பச் செய்து முடித்தல் வேண்டும். அங்கு வாழும் பேரப்பிள்ளைகளைக் குறித்துச் சில குடும்பத்தினர் எம்மிடம் வினவுவதால் இதனை எழுதுகிறோம்.

அணிக்கான தேர்வு பெரும்பாலும் மே மாதத்தையொட்டி நடைபெறும். போட்டிகள் குளிர்காலத்தில் சூடுபிடிக்கும். ஒரு கோபுரத்தை ஒருமுறை வெற்றிகரமாக எழுப்பியதைக் கைப்பேசியில் படம்பிடித்து அனுப்புவது ஆயத்தத்திற்குச் சான்றாகாது. நிகழ்ச்சி முழுவதையும் இடைநிறுத்தமின்றி ஆடவிட்டு, களைப்பு மேலிட்ட இறுதி அரை நிமிடத்தில் தாங்குவோரின் கைகள் நடுங்குகின்றனவா, தாவி இறங்குவோரின் முழங்கால்கள் உட்புறம் மடிகின்றனவா என்று நோக்குதல் வேண்டும். நடுங்கினால், அந்தக் கோபுரத்தின் உயரத்தைக் குறைப்பதே முறை.

ஒரு தூக்குதலில் வழக்கமாக நால்வர் பங்கேற்பர். இருவர் கீழே தாங்குவர். ஒருவர் பின்னின்று காப்பார். ஒருவர் மேலே நிற்பார். தாங்குபவரின் மணிக்கட்டில் உள்ள சுளுக்கு, மேலே நிற்பவரின் தலைக்கு ஆபத்தாகலாம். ஆயினும், தான் விலகினால் ஏனைய மூவரும் ஆட இயலாது என்று அஞ்சி வலியை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. எனவே, ஒவ்வோர் இடத்திற்கும் பயிற்சி பெற்ற மாற்று ஆட்டக்காரர் இருக்கிறாரா என்பதை நாங்கள் மருத்துவக் கேள்வியாகவே கருதுகிறோம். மாற்று ஆள் இல்லாத அணி, எவ்வளவு அழகாக ஆடினும், ஆயத்தமான அணி அன்று.

பருவத் தொடக்கப் பரிசோதனையில் கணுக்கால், மணிக்கட்டு, தோள், கீழ்முதுகு ஆகியவற்றின் பழைய காயங்களைக் கேட்டறிவர். ஒற்றைக்காலில் நிற்கச் செய்து சமநிலையைக் காண்பர். மேலே ஏறும் சிறுமியரிடம் உணவைக் குறித்தும் மாதவிடாயைக் குறித்தும் தனியே வினவுதல் இன்றியமையாதது. எடை கூடாதிருக்க உணவைக் குறைப்பதால் மாதவிடாய் தவறி, எலும்பு வலுவிழந்து, கீறல் முறிவு ஏற்படக்கூடும். இதனைத் தாயிடமும் கூறத் தயங்கும் பிள்ளை மருத்துவரிடம் கூறுவதுண்டு.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2012-இல் வெளியிட்ட பரிந்துரைகளும் பருவத்திற்கு முந்தைய உடற்பரிசோதனையை வலியுறுத்துகின்றன. கடினமான தரையில் உயரமான தூக்குதல்களைச் செய்யலாகாது என்றும் அவை கூறுகின்றன. ஆகவே, பயிற்சிக்கூடத்திற்குச் செல்லும் பெற்றோர் முதலில் தரையைப் பார்க்கட்டும்; சுவரில் தொங்கும் பதக்கங்களைப் பின்னர் பார்க்கலாம்.

தலையில் அடிபடுவது விழுபவருக்கு மட்டுமன்று. பிடிப்பவரின் நெற்றியில் முழங்கை மோதுவதும் உண்டு. அதன்பின் தலைவலி, மயக்கம், குழப்பம், வெளிச்சத்தைப் பார்க்கக் கூச்சம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றைய பயிற்சியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். வாந்தி தொடர்ந்தாலோ நினைவு தடுமாறினாலோ உடனே அவசரப் பிரிவிற்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் எழுத்து மூலம் ஒப்புதல் அளித்த பின்னரே, போட்டி நாள் எவ்வளவு அண்மையில் இருப்பினும், படிப்படியாகக் களம் திரும்பலாம்.