முதல் இன்டர்ன்ஷிப்பும் காணாமல் போன இரண்டு பேரும்

வீட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை இருந்தால் 'இன்டர்ன்ஷிப்' என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். படிக்கும் காலத்திலேயே ஒரு நிறுவனத்தில் சில வாரங்கள் இருந்து, அங்கு நடக்கும் வேலையில் ஒரு சிறு பகுதியைச் செய்து பழகுவதுதான் அது. பட்டறையில் பழகுபவர் என்ன செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். சாப்ட்வேர் நிறுவனத்தில் ஒரு மாணவன் அப்படி என்ன செய்துவிட முடியும்? நான் செய்ததைச் சொல்கிறேன். அதில் நடந்த தவறு, உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒரு மூலையில் இருக்கலாம்.

2018 டிசம்பர். மூன்றாம் ஆண்டு, செமஸ்டர் விடுமுறை. அம்பத்தூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் நான்கு வாரம் இடம் கிடைத்தது. திருத்தணியில் காலை எலெக்ட்ரிக் ரயில் ஏறினால், அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி தாண்டி அம்பத்தூரில் இறங்கிவிடலாம். முதல் வாரம் எனக்கு யாரும் புரோகிராம் எழுதத் தரவில்லை. மற்றவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கச் சொன்னார்கள். கல்லூரியில் நாம் எழுதுவது முப்பது, நாற்பது வரிகள். இங்கே பல ஆயிரம் வரிகள், பலர் எழுதியவை. யாரோ எப்போதோ கட்டிய வீட்டில் ஸ்விட்ச் எங்கே என்று தடவித் தேடுவது போல இருந்தது.

இத்தனை பேர் ஒரே புரோகிராமில் கை வைத்தால் குழப்பம் வராதா? அதற்குத்தான் கிட் என்றொரு சாப்ட்வேர் இருக்கிறது. லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் இதை உருவாக்கினார். எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்பதை இது பதிந்து வைத்துக் கொள்ளும். நாம் வீட்டில் 'பைனல்', 'பைனல் 2', 'உண்மையான பைனல்' என்று பைல்களுக்குப் பெயர் வைத்துத் திண்டாடுகிறோமே, அந்தத் தொல்லை இதில் இல்லை. தப்பிக்கவும் வழியில்லை. தவறான வரிக்கு நேராக எழுதியவர் பெயர் நிற்கும்.

இரண்டாம் வாரம் எனக்கென ஒரு வேலை வந்தது. குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் விற்கும் ஒருவர் எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர். அவரிடம் மெஷின் வாங்கி, ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துபவர்களின் பட்டியலைத் தந்திருந்தார். மொத்தம் 3,118 பெயர்கள். மெஷின் வாங்கிய தேதியை வைத்து, ஒவ்வொருவருக்கும் 2019ல் எந்தத் தேதியில் புதுப்பிக்க வேண்டும் என்று பைத்தான் மொழியில் கணக்கிட வேண்டும். ஜனவரி 2 முதல் அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் அவருடைய ஊழியர்கள் போன் செய்வார்கள்.

இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். நாளும் மாதமும் அப்படியே இருக்கட்டும், ஆண்டை மட்டும் 2019 என மாற்று. அவ்வளவுதான். பத்துப் பெயர்களை வைத்துச் சோதித்தேன், பத்தும் சரி. டிசம்பர் 28, வெள்ளிக்கிழமை மாலை, முழுப் பட்டியலையும் கொடுத்து இயக்கினேன். புரோகிராம் பாதியில் நின்றது. 'டே ஈஸ் அவுட் ஆப் ரேஞ்ச் பார் மன்த்' என்று ஒரு வரி. அந்த மாதத்தில் அப்படி ஒரு நாளே இல்லை என்று பொருள்.

நின்று படித்திருந்தால் புரிந்திருக்கும். எனக்கோ ரயிலுக்கு நேரமாகிவிட்டது. இன்டர்நெட்டில் தேடி இரண்டு வரிகளைச் சேர்த்தேன். பிழை வந்தால் எதுவும் சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போ என்பதுதான் அந்த இரண்டு வரிகளின் வேலை. மறுபடி இயக்கினேன், கடைசி வரை ஓடியது. வேலை முடிந்தது என்று குறிப்பு எழுதிவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை 'கோட் ரிவ்யூ'. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகப் படித்துப் பார்ப்பதற்கு இந்தப் பெயர். என்னுடையதைப் படித்தவர் அங்கே ஏழெட்டு ஆண்டு அனுபவம் உள்ள ஒரு அக்கா. அவர் புரோகிராமைத் திறக்கவே இல்லை. முதலில் கேட்டது ஒரே கேள்வி: "உள்ளே எத்தனை போச்சு, வெளியே எத்தனை வந்துச்சு?"

எண்ணிப் பார்த்தோம். உள்ளே 3,118. வெளியே 3,116.

"ரெண்டு பேரைக் காணோமேப்பா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் எதுவும் தெரியாதவன் போல் திரையைப் பார்த்துக் கொண்டு நின்றேன். அவர் கிட் பதிவைத் திறந்தார். அந்த இரண்டு வரிகளுக்கு நேராக என் பெயர், வெள்ளிக்கிழமை மாலை மணி உட்பட. "இதைப் போட்டதுக்குத்தான் கோபம். பிழை வந்ததுக்கு இல்லை" என்றார் அக்கா. கத்தியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது.

காணாமல் போன இருவரும் மெஷின் வாங்கிய நாள் 2016 பிப்ரவரி 29. 2019ல் பிப்ரவரி 29 கிடையாது. நான் சேர்த்த வரிகள் அவர்களைச் சத்தமில்லாமல் பட்டியலை விட்டு வெளியே தள்ளியிருந்தன. பட்டியல் அப்படியே போயிருந்தால் அவர்களுக்கு யாரும் போன் செய்திருக்க மாட்டார்கள். புரோகிராம் நின்று போயிருந்தால் உடனே தெரிந்திருக்கும். நிற்காமல் ஓடியதுதான் ஆபத்து.

திருத்துவது எளிது என்று நினைத்து, "28ஆ, மார்ச் 1ஆ?" என்று கேட்டேன். "அதை நீயும் நானும் முடிவு செய்யக் கூடாது, அவங்களைக் கேள்" என்றார். போன் செய்தேன். "ஒரு நாள் முன்னாடி கூப்பிட்டா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, 28ன்னே போடுங்க" என்றார்கள். மாலை நான்கு மணிக்கு 3,118 பெயர்களுடன் பட்டியல் போனது.

அன்று டிசம்பர் 31. திரும்பும் ரயிலில் நிற்க இடமில்லை. எங்கள் ஊர் முருகன் கோயிலுக்கு 365 படிகள். ஆண்டின் நாட்களைக் குறிப்பவை என்பார்கள். ஆண்டின் கடைசி இரவில் திருப்படித் திருவிழா நடக்கும். படிக்குப் படி பூஜை செய்து, திருப்புகழ் பாடியபடி ஏறுவார்கள். 366 நாள் வரும் ஆண்டுக்கு எந்தப் படி என்று அன்றுதான் முதல் முறையாக யோசித்தேன்.

பெரியவர்களும் தவறினார்கள்

இதே டிசம்பர் 31 அன்று, 2008ல், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் சூன் என்ற பாட்டுக் கேட்கும் கருவியில் 30 ஜிபி மாடல்கள் திடீரென உறைந்து போயின. அதன் கடிகாரப் புரோகிராம் தேதியை மொத்த நாட்களாக வைத்திருந்து, ஆண்டு ஆண்டாகக் கழித்துக் கொண்டே வரும். மீதி நாட்கள் 365க்கு மேல் இருந்தால் இன்னொரு முறை கழிக்கப் பார். லீப் ஆண்டாக இருந்தால் 366க்கு மேல் இருக்கும்போது மட்டும் கழி. இதுதான் கட்டளை. மீதி சரியாக 366 ஆக இருந்தால்? 365க்கு மேல் என்பதால் நிற்க முடியாது. 366க்கு மேல் இல்லை என்பதால் கழிக்கவும் முடியாது. அதே இடத்தில் சுற்றிக் கொண்டே இருந்தது. பேட்டரி முழுதும் தீரட்டும், மறுநாள் மீண்டும் இயக்குங்கள் என்பதுதான் மைக்ரோசாப்ட் சொன்ன வழி.

2012 பிப்ரவரி 29 அன்று அதே நிறுவனத்தின் அஸூர் சேவை பல மணி நேரம் தடுமாறியது. ஓராண்டு செல்லும் பாதுகாப்புச் சான்றிதழின் முடிவுத் தேதியைக் கணக்கிட, ஆண்டில் ஒன்றைக் கூட்டியிருந்தார்கள். 2013 பிப்ரவரி 29 என்று வந்தது! நான் செய்த அதே கணக்கு. இதைப் பின்னாளில் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக் கொள்கிறேன்.

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காலி செல் ஒன்றில் 60 என டைப் செய்து என்டர் தட்டவும். அந்த செல்லில் ரைட் கிளிக் செய்து, பார்மட் செல்ஸ் பிரிவில் டேட் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுக்கவும். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாள் இருந்ததே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு, 400ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 2000 அப்படிப்பட்டது, 1900 அல்ல. லோட்டஸ் 1-2-3 என்ற பழைய புரோகிராமில் இருந்த இந்தத் தவறை, அதில் தயாரித்த பைல்கள் எக்ஸெல்லிலும் சரியாகத் திறக்க வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே வைத்துக் கொண்டார்கள்.

அக்கா கேட்ட கேள்வி வீட்டிலும் உதவும். போட்டோக்களை பென் டிரைவிற்குக் காப்பி செய்தால், இரண்டு போல்டர்களிலும் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். பைல்களின் எண்ணிக்கை ஒன்றாக இருந்த பிறகு பழையதை அழிக்கலாம்.

இன்டர்ன்ஷிப் தேடும் மாணவர்களுக்கு ஒன்று. பணம் கட்டினால் வாரக் கணக்கில் சான்றிதழ் தருகிறோம் என்று அழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் இன்டர்ன்ஷிப் போர்டலில் முதலில் தேடுங்கள். தமிழக அரசு 2022ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் உள்ள பயிற்சிகளையும் பாருங்கள். எங்கே சேர்வதானாலும், சேரும் முன் அவர்களிடம் இதைக் கேட்டுவிடுங்கள்: "நான் எழுதுவதை யார் படித்துப் பார்ப்பார்கள்?" பதிலாக ஒருவர் பெயரைச் சொன்னால் சேரலாம்.