ஏரிக்குப் பட்டா எங்கே?

பழவேற்காட்டு ஏரியின் நடுவே பசியாவரம் என்றோர் ஊர். படகேறித்தான் போய்வர முடியும் என்ற நிலையில் நெடுங்காலம் கிடந்த ஊர். அங்கே ஒரு மீனவரிடம், "நீர் வலை விரிக்கும் தண்ணீருக்குப் பட்டா உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். காட்டக் காகிதம் இராது. ஆனால் கதை இருக்கும். அந்தக் கதைதான் அவர் பட்டா!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, தோழர்களே. இந்த ஏரியில் 'பாடு' என்றொரு முறை தலைமுறை தலைமுறையாக வழங்கி வருகிறது. எந்த நீர்ப்பரப்பில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்துத் தீர்மானிக்கும் ஏற்பாடு. இறால் நிறையும் இடம் வலுத்தவனுக்கே என்று ஆகிவிடாமல் காத்தது அது. சர்க்கார் எழுதிய சட்டமல்ல. பெரியவர்களின் நினைவில் நிற்கும் சட்டம். அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண் மூடினால்?

ஸ்ரீஹரிக்கோட்டாவை நினைத்துப் பாருங்கள். 1969-இல் ராக்கெட் தளத்துக்கென அந்தத் தீவு தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து பெயர்க்கப்பட்ட மீனவர்கள் பழவேற்காட்டு ஓரத்தில் வந்து குடியேறினர். விட்டு வந்த துறை எது, வலை உலர்த்திய மணல் எது என்று இன்று சொல்ல எத்தனை பேர் மிஞ்சியிருப்பர்? இன்று காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தை எதிர்த்து மீனவர் குரல் எழுப்புகின்றனர். "உங்கள் இடம் எது?" என்ற கேள்வி நாளை மேசைமேல் வரும். அன்றைக்குக் கண்ணீர் சாட்சியாகாது.

கிழவரின் சொல் சாட்சியாகுமா? ஆகும் என்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கனடாவின் பழங்குடி மக்கள் நில உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், வாய்மொழி வரலாறும் சான்றே என்று 1997-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டு வன உரிமைச் சட்டத்தின் 2008-ஆம் ஆண்டு விதிகளே, மூத்தோர் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கின்றன. காட்டுக்கு உள்ள அந்த நியாயம் ஏரிக்கு ஏன் இல்லை? கடற்கரை வரைபடங்களில் மீனவரின் பொதுச் சொத்துகளைக் குறிக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை சொன்னது. எதைக் குறிப்பது என்று ஊர்தானே சொல்லியாக வேண்டும்?

ஒன்றை மறைக்கக் கூடாது. பாடு எல்லோருக்கும் உரியதாக இருந்ததில்லை. குறிப்பிட்ட சமூகத்தின் குறிப்பிட்ட தலைக்கட்டுகளுக்கே அந்த உரிமை. மற்றவர் கரையில் நின்றனர். கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும் கதை உண்டு. கூடை சுமந்து மீன் விற்ற பெண்களுக்கும் உண்டு. பாடு உள்ளவனின் கதையை மட்டும் கேட்டு எழுதினால், அது ஊரின் கதையாகாது. பழைய சண்டைக்குப் புது எண்ணெய்.

மைக் வைத்துக் கூட்டம் போட்டு இதைச் செய்ய இயலாது. வலைக்குப் போகாத நாளில், படிப்பகத் திண்ணையில், ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். ஏரியைத் தரையில் கரித்துண்டால் வரையச் சொல்லுங்கள். முகத்துவாரம் அன்று எங்கே இருந்தது, எந்த மரத்தை அடையாளம் வைத்துப் படகு திருப்பினார்கள் என்று கேளுங்கள். இளைஞர்களையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இருவர் மாற்றிச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எழுதியதில் ஒரு படி ஊரிலேயே இருக்கட்டும்.