முதுகுத்தண்டில் நாடாப்புழு

"தறிக்குழியில உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு போச்சுங்கய்யா. எண்ணெய் போட்டு நீவி விடுங்க." பிள்ளையார்பாளையத்தில் என்னிடம் வருகிற நெசவாளர்களில் பாதிப்பேர் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் அது தறி கொடுத்த வலிதான். ஆனால் வலியோடு கால் மரத்து, மிதி மிதிக்கப் பலமில்லாமல், சிறுநீரும் தடைப்படுகிறது என்றால் நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தொடமாட்டேன். "இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்க" என்று அனுப்பிவிடுவேன்.

ஜவ்வு விலகல், காசநோய், கட்டி என்று தண்டுவடம் நசுங்கப் பல காரணம் உண்டு. அபூர்வமான ஒன்று, நாடாப்புழு.

குடலில் இருக்கிற புழு முதுகுக்கு எப்படிப் போகும்? சரியாக வேகாத பன்றிக்கறி சாப்பிட்டவர் குடலில் புழு மீட்டர் கணக்கில் வளர்கிறது. அவர் மலத்தில் முட்டைகள் வெளியேறும். கழுவாத கை, அசுத்தத் தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாக அந்த முட்டை இன்னொருவர் வயிற்றுக்குள் போனால், பொரிந்து, குடலைத் துளைத்து, ரத்தத்தில் கலந்து தசையிலோ மூளையிலோ நீர்க்கட்டியாகத் தங்கும். ஆகவே "நாங்க சுத்த சைவம்" என்பது இதற்குக் காப்பு இல்லை!

மூளையில் தங்கினால் வலிப்பு வரும். நம் பக்கத்து வேலூரில் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைப் பல காலமாக ஆராய்கிறார்கள். 2006-ல் வெளியான அவர்களது ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுதான் காரணமாகத் தெரிந்தது. தண்டுவடத்தில் தங்குவது மிகக் குறைவு. ஆனால் அங்கே இடம் குறுகல். சின்னக் கட்டியே காலை முடக்கிவிடும்.

கட்டி தண்டுவடத்தை அழுத்தினால் அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மற்றபடி அல்பெண்டசோல் மாத்திரை, கூடவே வீக்கம் தணிக்க ஸ்டீராய்டு. சாகிற புழுவைச் சுற்றி வீக்கம் கூடும் என்பதால்தான் இந்தத் துணை. கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள்.

எங்கள் முறையில் குடல் புழுவுக்கு வாய்விடங்கம் உண்டு. தண்டுவடக் கட்டியை அது கரைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

ஒருவருக்கு இது வந்தால் வீட்டில் எல்லோருக்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள், சமைக்கிறவருக்கு முதலில். குடலில் புழு இருந்தால் மருத்துவர் தரும் ஒரு வேளை மாத்திரையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.