வண்டியே ஓடாத சாலை

சாலை போட்டால் மரங்கள் போகும், கூடுகள் போகும். ஆனால் ஒரு மரத்தைக்கூட வெட்டாமல், வாகனச் சத்தம் மட்டுமே பறவைகளை விரட்டுமா?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்சி மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ஆம் ஆண்டு இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாய்சி நகரை ஒட்டிய மலைச்சரிவு, இலையுதிர் காலத்தில் வலசைப் பறவைகள் இறங்கி இரை தேடி, நெடும்பயணத்துக்கு உடம்பில் கொழுப்பு சேர்க்கும் இடம். சாலையே இல்லாத அந்தச் சரிவில் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளைக் கட்டி, வாகன இரைச்சலை நான்கு நாள் ஒலிக்கவிட்டார்கள். அடுத்த நான்கு நாள் நிறுத்தினார்கள். இப்படி மாறி மாறிச் செய்தார்கள்.

சத்தம் இருந்த நாட்களில் பறவைகளின் எண்ணிக்கை கால் பங்குக்கும் மேல் குறைந்தது. சில இனங்கள் கிட்டத்தட்ட முழுவதுமாக ஒதுங்கிவிட்டன. தங்கிய பறவைகளில் பலவற்றுக்கு உடல் தேறவில்லை. காரணம், ஆய்வுக்கூடத்தில் சிட்டுகளுக்கு வாகன இரைச்சலை ஒலிக்கவிட்டபோது தெரிந்தது. இரைச்சலில் எதிரி வரும் ஓசை கேட்காது. எனவே சிட்டுகள் அடிக்கடி தலைதூக்கிப் பார்த்தன, இரை கொத்துவது குறைந்தது. அரைவயிற்றோடு வலசை போகும் பறவைக்கு வழியெல்லாம் ஆபத்துதான்.

சாலைகள் நமக்கு வேண்டும். ஆனால் காட்டையும் நீர்நிலையையும் ஒட்டிச் சாலை திட்டமிடும்போது, வெட்டப்படும் மரங்களோடு எழப்போகும் சத்தத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். அங்கே வண்டியின் வேகத்தைக் குறைத்தால் இரைச்சலும் குறையும். அது நம் ஒவ்வொருவராலும் இன்றே முடியும்.