ராணிச் சங்கும் இரு சபைகளும்

கரீபியன் கடலின் ஆழம் குறைந்த மணற்பரப்பிலும் கடற்புல் படுகைகளிலும் வாழும் ராணிச் சங்கு, ஒரு சாணுக்கு மேல் வளரும் ஓடும் இளஞ்சிவப்பு வாயும் உடையது. தூத்துக்குடிக் கடலில் ஓட்டுக்காகச் சங்கு குளிக்கிறார்கள். பஹாமாஸ், பெலீஸ், ஜமைக்கா, நிகராகுவா முதலிய தேசங்களிலோ இந்தச் சங்கை முக்கியமாக இறைச்சிக்காகவே எடுக்கிறார்கள். அத்தீரங்களில் எண்ணற்ற குடும்பங்களின் ஜீவனோபாயமும் அந்நியச் சந்தைக்குப் போகும் பெரும் வியாபாரமும் இதனை நம்பியே இருக்கின்றன.

இப்பிராணி முதிர்ச்சி அடையச் சில ஆண்டுகள் ஆகும். ஓடு நீள்வது நின்று, அதன் உதடு சிறகுபோல் விரிந்து தடித்த பிறகே அது இனவிருத்திக்குத் தகுதி பெறுகிறது. ஆகவே சங்கின் பிராயத்தை அறிய உதட்டின் கனமே அளவுகோல். ஆனால் கடலில் நடப்பது என்ன? குளிப்பவர் சங்கை மேலே கொணர்ந்ததும், ஓட்டின் முனைப்பக்கம் துளையிட்டு, கத்தியை உள்ளே செலுத்தித் தசையின் பிடியை அறுத்து, இறைச்சியை உருவிக்கொண்டு ஓட்டைப் பெரும்பாலும் கடலிலேயே எறிந்துவிடுகிறார். பிராயத்துக்குச் சாட்சியான ஓடு கடலடியில் தங்கிவிட, துறைமுகத்தின் சுங்க அதிகாரிக்கு முன் வந்து சேர்வது தோல் நீக்கி உறையவைத்த வெள்ளை இறைச்சி மட்டுமே. அது குஞ்சினுடையதா முதிர்ந்ததா என்றோ, அனுமதி பெற்ற கடலில் எடுத்ததா அயல்நாட்டுக் கடலில் களவாடியதா என்றோ, பார்த்த மாத்திரத்தில் எவராலும் சொல்ல இயலாது.

அழிவின் விளிம்பிலுள்ள காட்டு ஜீவராசிகளின் சர்வதேச வியாபாரத்தை ஒழுங்குபடுத்த 1973-இல் வாஷிங்டன் நகரில் கையெழுத்தாகி 1975-இல் அமலுக்கு வந்த சைட்டிஸ் உடன்படிக்கை, 1992-இல் ராணிச் சங்கைத் தன் இரண்டாம் அட்டவணையில் சேர்த்துக்கொண்டது. அந்த அட்டவணை வியாபாரத்தைத் தடுப்பதில்லை; இரண்டு நிபந்தனைகளை விதிக்கிறது. ஏற்றுமதியால் அந்த இனத்தின் நிலைபேற்றுக்குப் பங்கம் நேராது என்று ஏற்றுமதி செய்யும் நாட்டின் விஞ்ஞான அதிகாரி கூற வேண்டும். சரக்கு சட்டப்படி பெறப்பட்டதே என்று நிர்வாக அதிகாரி திருப்தியடைய வேண்டும். இவ்விரண்டும் நிறைவேறினால்தான் அனுமதிச் சீட்டு.

நிபந்தனைகள் நியாயமானவை, ஆயினும் அவற்றை நிறைவேற்றத் தேவையான ஞானம் சுங்கச் சாலையில் கிடைப்பதன்று. ஒரு கடலில் எத்தனை சங்குகள் உள்ளன, எத்தனை எடுக்கலாம், எந்தப் பருவத்தில் எடுக்கலாம் என்பதெல்லாம் மீன்வளத் துறையினர் அறிந்தவை. உலக அளவில் அந்த அறிவுக்கு உறைவிடம் ரோமாபுரியில் உள்ள ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம். சைட்டிஸ் வனவிலங்குகளைக் காக்கும் நோக்கிலும், இந்த ஸ்தாபனம் மக்களின் உணவையும் தொழிலையும் பேணும் நோக்கிலும் பிறந்தவை என்பதால், மீனினங்களை அட்டவணையில் சேர்க்கும் பேச்சு எழுந்தபோதெல்லாம் இரு தரப்புக்குமிடையே ஐயப்பாடு நிலவியதில் வியப்பில்லை. அந்த இடைவெளியை அடைக்கவே 2006-இல் இரண்டும் ஒத்துழைப்பு உடன்பாடு செய்துகொண்டன. வியாபாரத்துக்கு உட்பட்ட கடல் இனம் எதையேனும் பட்டியலில் சேர்க்கும் பிரேரணை வந்தால், ஸ்தாபனத்தின் நிபுணர் குழு அதை ஆராய்ந்து அபிப்பிராயம் சொல்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் உறுப்பு நாடுகளுடையது.

ராணிச் சங்கின் விஷயத்தில் இக்கூட்டுறவு கணக்கும் அளவுமாக வெளிப்பட்டது. பாதி சுத்தம் செய்த இறைச்சி ஒரு டன்னும் முழுதும் சுத்தம் செய்தது ஒரு டன்னும் ஒரே எண்ணிக்கையான உயிர்களைக் குறிப்பவை அல்ல. எனவே எந்த நிலையிலுள்ள இறைச்சி எவ்வளவு உயிர்ச் சங்குக்குச் சமம் என்று எல்லா நாடுகளும் ஒரே முறையில் கணக்கிடுவதற்கான விகிதங்கள் வகுக்கப்பட்டன. மெதுவாக ஊர்ந்து சென்று இணையைத் தேடும் இப்பிராணி, ஹெக்டேருக்கு ஏறக்குறைய 50 முதிர்ந்த சங்குகளுக்குக் கீழே குறைந்தால் இணையைச் சந்திக்காமலே போய்விடுகிறது என்று ஆராய்ச்சி காட்டியதால், ஹெக்டேருக்கு 100 என்னும் அளவு பாதுகாப்பான எல்லையாகப் பரிந்துரைக்கப்பட்டது. 2019-இல் ஜமைக்கா, தன் கடலிலுள்ள பெட்ரோ மேட்டில் வளம் குன்றியதைக் கண்டு, வருமான நஷ்டத்தையும் பொருட்படுத்தாமல் சங்கெடுப்பையே நிறுத்திவைத்தது.

கூடிச் செயல்பட வேண்டும் என்னும் இப்பாடம் நமக்கும் அந்நியமானதன்று. பாக் நீரிணையின் இந்தியக் கரையில் கடல் அட்டை எடுப்பது 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். இலங்கைக் கரையிலோ உரிமம் பெற்று எடுப்பதும் வளர்ப்பதும் தொழில். ஒரே கடலின் ஒரே பிராணிக்கு இரு சட்டங்கள் இருக்கையில், கள்ளக் கடத்தல் அந்த இடைவெளியில் வழி கண்டுகொள்கிறது. இரு கரைகளின் அதிகாரிகளும் விஞ்ஞானிகளும் கூடிக் கணக்கெடுத்து ஒருமித்துப் பேசாதவரை, நஷ்டம் கடலுக்கும் கரையோர மீனவனுக்குமே.

சட்டம் எழுதுவோர் ஒரு பக்கமும் கடலை அறிந்தோர் மறுபக்கமும் நின்றால், அனுமதிச் சீட்டு வெறும் காகிதமாகிவிடும். வனத்துறையும் மீன்வளத்துறையும் சுங்கமும் ஒரே மேஜையில் அமர வேண்டும். கடலில் இறங்கிக் குளிப்பவரின் அனுபவத்துக்கும் அங்கே ஆசனம் வேண்டும். சைட்டிஸும் ரோமாபுரி ஸ்தாபனமும் ஏற்றுக்கொண்ட இந்தக் கடமையை ஒவ்வொரு கடலோர அரசும் தன் இல்லத்திலேயே நிறைவேற்றினால், வியாபாரமும் நிலைக்கும், அதற்கு ஆதாரமான உயிரினமும் வருங்காலச் சந்ததிக்கு எஞ்சும்.