இறங்கும்போதுதான் அழுகை

டெல்லியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாள்; விமானத்தில் மூன்று மணி நேரம். பேரக்குழந்தைக்காக ஊரில் தாத்தா பாட்டி காத்திருக்க, இளம் பெற்றோர் விமானத்தை நாடுகிறார்கள். பால் புட்டி முதல் மாற்றுடை வரை எல்லாம் பையில் ஏறிவிடுகிறது. மறந்துபோவது குழந்தையின் காது.

35,000 அடி உயரத்தில் பறந்தாலும் விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஊட்டியில் இருப்பது போல வைக்கப்படுகிறது. இறங்கும்போது அது உயர்கிறது. அதற்கு ஈடாக நடுக்காதுக்குள்ளும் காற்று புகாவிட்டால் செவிப்பறை உள்வாங்கி வலிக்கும். காற்று செல்லும் குழாய் குழந்தைகளுக்குக் குறுகலானது. பெரும்பாலும் விழுங்கும்போதுதான் திறக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிக்கிறார்கள். கைக்குழந்தை வீறிடுகிறது.

வழி எளிது. விமானம் இறங்கத் தொடங்கியதும் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுக்க வேண்டும். தூக்கத்தில் விழுங்குவது குறைவு என்பதால், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடுவது நல்லது. சளி இருந்தால் முன்கூட்டியே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். தூங்கவைப்பதற்காகச் சளி சிரப் புகட்டுவது ஆபத்து: மூச்சு பாதிக்கப்படலாம். சில குழந்தைகள் தூங்காமல் ஆர்ப்பாட்டம் செய்வதும் உண்டு.

2 வயதுக்குட்பட்ட குழந்தை மடியில் பயணம் செய்யலாம். வயதுக்குச் சான்று கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழ் கைப்பையிலேயே இருக்கட்டும். திரும்பும் நாளுக்குள் 2 வயது நிரம்பிவிட்டால் தனி இருக்கை அவசியம்.

இத்தனைக்குப் பிறகும் குழந்தை அழலாம். பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்கலாம். அவருக்கும் அப்போது காது அடைத்துத்தான் இருக்கும்.