தவளைக்கு 6 கால்!
குளத்துப் புழு செய்யும் விபரீதம்

தவளைக்கு எத்தனை கால்?

நாலு கால் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் 5 கால், 6 கால் உள்ள தவளைகளும் உலகத்தில் இருக்கின்றன. காலே குறைந்த தவளைகளும் உண்டு.

1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் உள்ள மினசோட்டா மாநிலத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலர் ஒரு குட்டைக்குச் சென்றார்கள். அங்கே தவளைகளைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் திடுக்கிட்டார்கள். பல தவளைகளின் கால்கள் கோணல்மாணலாக இருந்தன!

செய்தி நாடெங்கும் பரவியது. தண்ணீரில் விஷம் கலந்துவிட்டதோ என்று ஜனங்கள் பயந்தார்கள்.

புழுவின் வேலை

பீட்டர் ஜான்சன் என்ற விஞ்ஞானியும் அவருடைய நண்பர்களும் கலிபோர்னியா குளங்களை ஆராய்ந்தார்கள். அங்கே நத்தைகளின் உடலில் ஒரு தட்டைப் புழு இருந்தது. அதன் பெயர் ரிபெய்ரோயா.

அந்தப் புழுவின் குஞ்சுகளைத் தலைப்பிரட்டைகள் இருந்த தண்ணீரில் விட்டுப் பார்த்தார்கள். தலைப்பிரட்டைகள் தவளைகளாக மாறின. அவற்றில் 100-க்கு 85-க்கும் மேல் கால் ஊனம்! இந்த முடிவு 1999-ல் வெளியாயிற்று.

பின்னங்கால் முளைக்க வேண்டிய இடத்தில் புழு துளைத்துக்கொண்டு நுழைகிறது. அங்கே கூடு கட்டித் தங்குகிறது. அதனால் கால் வளர்ச்சி தாறுமாறாகிவிடுகிறது.

ஊனத் தவளையால் வேகமாகத் தாவ முடியாது. நாரை சுலபமாகப் பிடித்துத் தின்றுவிடும். புழுவுக்கும் அதுதான் வேண்டும்! நாரையின் வயிற்றுக்குள் போனால்தான் அது முழு வளர்ச்சி அடையும். அதன் முட்டை நாரையின் எச்சத்தோடு தண்ணீரில் விழும். முட்டையில் இருந்து வரும் குஞ்சு நத்தைக்குள் நுழையும். பிறகு மறுபடியும் தவளை!

எல்லாக் கால் ஊனத்துக்கும் இந்தப் புழுவே காரணம் அல்ல. தலைப்பிரட்டையின் காலை மற்றப் பிராணிகள் கடித்துவிடுவதும் உண்டு.

மூன்று கூட்டம்

தவளையின் உடலில் வாழும் தட்டைப் புழுக்களை மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

முதல் கூட்டம், ஒரே பிராணியில் வாழ்நாளைக் கழிக்கும் புழு. 'பாலிஸ்டோமா' இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. 'பல வாய்' என்பது இந்தப் பெயரின் பொருள். ஆனால் அவை வாய்கள் அல்ல. ஒட்டிக்கொள்ள உதவும் 6 உறிஞ்சிகள். இந்தப் புழு தவளையின் மூத்திரப் பையில் இருக்கும்.

இரண்டாவது கூட்டம், வீடு மாறும் புழு. ரிபெய்ரோயா இந்த ரகம். இந்தக் கூட்டத்துக்கு முதல் வீடு பெரும்பாலும் நத்தைதான். தவளையின் நுரையீரலில் ரத்தம் குடிக்கும் புழுவும் இதில் உண்டு. அது நத்தையில் இருந்து தும்பிக்குப் போகும். தும்பியைத் தின்னும் தவளைக்கு வந்து சேரும்.

மூன்றாவது கூட்டம், நாடாப் புழு. இதற்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. தோலாலேயே ஆகாரத்தை உறிஞ்சிக்கொள்கிறது.

பாலைவனத்திலும் புழு!

அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் ஒரு வகைத் தேரை உண்டு. வருஷத்தில் சுமார் 10 மாதம் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். கோடை மழை பெய்ததும் வெளியே வரும். சில இரவுகள் மட்டுமே குட்டையில் இறங்கி முட்டை இடும்.

அதன் மூத்திரப் பையிலும் ஒரு புழு குடி இருக்கிறது. தாய்ப் புழு குஞ்சுகளைத் தயாராக வைத்துக்கொண்டு காத்து இருக்கும். தேரை தண்ணீரில் இறங்கியதும் குஞ்சுகளை வெளியே விடும். அவை வேறு தேரையின் மூக்குத் துவாரத்தில் புகுந்துவிடும்!

எங்கே அதிகம்?

நத்தை பெருகிய இடத்தில் ரிபெய்ரோயாவும் பெருகும். வயலில் போடும் உரம் மழையில் கரைந்து குளத்துக்குப் போகிறது. பாசி வளர்கிறது. பாசியைத் தின்று நத்தை பெருகுகிறது. நத்தையோடு புழுவும் பெருகுகிறது. 2007-ல் வெளியான ஆராய்ச்சி இதைக் காட்டியது.

மனிதனுக்கும் ஆபத்து

நாய், பூனையின் குடலில் வாழும் ஒரு நாடாப் புழுவின் குஞ்சு, தவளையின் சதையில் தங்கி இருக்கும். சீனா, வியட்நாம் நாடுகளில் கண் வலிக்குப் பச்சைத் தவளைச் சதையை வைத்துக் கட்டும் வழக்கம் இருந்தது. கண்ணில் சதையை வைத்தார்கள். புழு கண்ணுக்குள் புகுந்துவிட்டது! கண் வீங்கிப் பலர் அவதிப்பட்டார்கள்.

வேகாத தவளைக் கறியைத் தின்றாலும் இந்தப் புழு தொற்றும். காய்ச்சாத குட்டைத் தண்ணீரைக் குடித்தாலும் தொற்றும். அந்தத் தண்ணீரில் உள்ள நுண்ணிய பூச்சிகளுக்குள்ளும் புழுக் குஞ்சு இருக்கும்.

குட்டைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கண் வலித்தால் வைத்தியரிடம் போகவேண்டும்.